கோமன் 3-டே நடை: நடப்பதை விடக் கேட்பதுதான் கஷ்டம்

மார்பகப் புற்றுநோய்க்காகப் பணம் திரட்ட சான் டியேகோவில் நவம்பரில் நடக்கும் சூசன் ஜி. கோமன் 3-டே நடைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று, தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுருக்கமாகச் சொன்னால்: கொடுங்கள். ஆனால் எதற்குப் பெயர் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.

நாங்கள் நான்கு பேர் 2023இல் நடந்தோம். மூன்று நாளில் 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 20 மைல். இரண்டு இரவு இளஞ்சிவப்புக் கூடாரத்தில் தூக்கம். எல்லோரும் இதைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. ஆளுக்குக் குறைந்தது 2,300 டாலர் நன்கொடை திரட்டினால்தான் நடக்க முடியும். பதிவுக் கட்டணம் அதில் சேராது, அது தனி. நான்கு பேருக்கு 9,200 டாலர். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நான் முதல் வருஷம் பக்கத்தை மூடிவிட்டேன். அடுத்த வருஷம்தான் துணிந்தேன்.

என் பெரியம்மா மார்பில் ஒரு கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்தார். அப்புறம் தெரிந்தபோதும், ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது, பெரியப்பாவிடம் என்ன வார்த்தை சொல்லிப் பேச்சை எடுப்பது என்றே நாட்கள் போயின. இறந்த பிறகும் வீட்டில் 'அந்த வியாதி' என்றுதான் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் இன்றுவரை மார்பகப் புற்றுநோய் என்று முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் நடக்கப் போனது அவருக்காக.

இந்த நடையை நடத்தும் கோமன் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கேட்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சூசன் கோமன் 1980இல் 36 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். அவருடைய தங்கை நான்சி பிரிங்கர் அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காக 1982இல் டல்லாஸில் ஆரம்பித்தது இது. இதைப் படித்தபோது எனக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான் ஞாபகம் வந்தது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடி 1954இல் தொடங்கியது அது. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இந்த நடையைப் புரியவைக்க எனக்கு இதை விட நல்ல வழி கிடைக்கவில்லை. "அடையாறு மாதிரி, கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தவங்க ஆரம்பிச்சது" என்றதும் என் அத்தை அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

கோமன் இதுவரை ஆராய்ச்சிக்கு மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. எல்லோருக்கும் இந்த அமைப்பைப் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. 2012இல், குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்புச் சேவைகள் தரும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்புக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்துவதாக அறிவித்து, பெரிய எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம், ஆட்கள் குறைந்துபோனதால், 14 நகரங்களில் நடந்துவந்த 3-டே நடையை 7 ஆகக் குறைப்பதாகச் சொன்னார்கள். என் அலுவலகத் தோழி ஒருத்தி அந்தக் கோபம் இன்னும் தீராமல், இதற்குக் கொடுக்க மாட்டேன், அதே பணத்தை வேறு புற்றுநோய் அமைப்புக்கு அனுப்புகிறேன் என்றாள். அனுப்பியும் விட்டாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்று நாள் கூடாரம், சாப்பாடு, வண்டி எல்லாவற்றுக்கும் செலவு ஆகும், திரட்டும் பணத்தில் ஒரு பங்கு அதற்கும் போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாராவது "நேரா ஆராய்ச்சிக்கே கொடுத்துடறேனே" என்றால் அது நியாயமான பேச்சுதான்.

சரி, பணம் எப்படித் திரட்டினோம். இதைத்தான் நிறைய பேர் கேட்கிறீர்கள்.

முதலில் செய்தது தப்பு. அழகாக ஒரு மெயில் எழுதி, நன்கொடைப் பக்கத்தின் சுட்டியைப் போட்டு 70 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினோம். பத்து நாளில் 14 பேர் கொடுத்தார்கள், 640 டாலர். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை, எல்லோருக்கும் அனுப்பிய மெயில் தனக்கு அனுப்பியது இல்லை என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். அப்புறம் நாலு பேரும் பட்டியலைப் பிரித்துக்கொண்டு போனில் கூப்பிட்டோம். ஒரு நாளைக்கு மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். போனில் நான் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அந்த வார்த்தையை முழுசாகச் சொல்ல முதல் இரண்டு அழைப்பில் எனக்கே நாக்கு எழவில்லை. ஆனால் சொன்ன பிறகு எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கல்லூரியில் என்னோடு படித்தவள், பதினைந்து வருஷப் பழக்கம், அவள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். போனில் மட்டும் 3,460 டாலர் வந்தது.

அடுத்தது நவராத்திரி. எங்களில் இரண்டு பேர் வீட்டில் கொலு உண்டு. வெற்றிலைப் பாக்கோடு கொடுக்கும் பரிசுப் பொருளுக்குப் பதிலாக, படிக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டு, பெரியம்மா படமும் நன்கொடை போட ஒரு குடமும் வைத்தோம். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். கூடம் முழுக்கப் பெண்கள், அவசரமாகக் கிளம்ப வேண்டியவர்கள் யாரும் இல்லை. மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கும்போது என்ன செய்வார்கள், எவ்வளவு வலிக்கும், காப்பீட்டில் வருமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். (40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்லி 2024இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு பரிந்துரையை மாற்றியிருக்கிறது, முன்பு 50 என்று இருந்தது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள்.) ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா மட்டும், "இதெல்லாம் கொலு வீட்ல பேசற பேச்சாம்மா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவரே சமையலறைக்கு வந்து, கைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து என் கையில் திணித்தார். இருநூறு டாலர். "யார் குடுத்தாங்கன்னு பேர் போடுவீங்களா?" என்றார். போடாமலும் கொடுக்கலாம் அம்மா என்றேன். "அப்ப போடாத. எனக்கு இடது பக்கம் எடுத்து பன்னெண்டு வருஷமாச்சு. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியாது" என்றார். இரண்டு கொலுவிலும் சேர்த்து 1,180 டாலர்.

அப்புறம் தீபாவளி. முறுக்கும் அதிரசமும் செய்து விற்கலாம் என்று முதலில் நினைத்தோம். கலிபோர்னியாவில் வீட்டில் சமைத்து விற்க மாவட்டத்தில் பதிவு வேண்டும் என்று எங்களில் ஒருத்தி விசாரித்துச் சொன்னாள், அதனால் விற்கவில்லை. 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் வீட்டுக்கு நன்றி சொல்ல ஒரு பெட்டி பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாவு, எண்ணெய், வெல்லம் எல்லாம் எங்கள் செலவு. மூன்று வார இறுதி அடுப்படியிலேயே போனது, 2,140 டாலர் சேர்ந்தது. தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, நடை அந்த வாரம் வெள்ளிக்கிழமை. நினைத்துப் பாருங்கள், எங்கள் கையில் அதிரசப் பாகு சுட்ட காயம், காலில் புது ஷூ.

மிச்சம் 1,780. இங்கேதான் ஒரு எச்சரிக்கை. இங்கே பல கம்பெனிகள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் கொடுக்கும். உங்களுக்குக் கொடுத்தவர்களிடம் எல்லாம் மறக்காமல் இதைக் கேளுங்கள், பாதிப் பேருக்குத் தங்கள் கம்பெனியில் அது இருப்பதே தெரியாது. ஆனால் நேரத்தோடு கேளுங்கள். நாங்கள் நம்பியிருந்த ஒரு கம்பெனியில் படிவம் யார் மேசையிலோ தூங்கியது. வராவிட்டால் ஆளுக்கு 445 டாலர் கைக்காசு போடுவது என்று பேசி முடித்த பிறகு, நடைக்கு நாலு நாள் முன்புதான் 2,000 டாலர் வந்து விழுந்தது. மொத்தம் 9,420.

நடையைப் பற்றி. ஏற்பாடு பிரமாதம், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. டெல் மாரில் விடியற்காலையில் தொடங்கி, டோரி பைன்ஸ் ஏற்றம் ஏறி, லா ஹோயா கடற்கரை வழியாக வந்து மிஷன் பே ஓரத்தில் முகாம். சில மைலுக்கு ஒரு நிறுத்தம்: தண்ணீர், உப்புத் தின்பண்டம், வாழைப்பழம், கழிவறை, கொப்புளத்துக்கு மருந்து போட ஆள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும் என்று ஒவ்வொரு இடத்திலும் உப்பைக் கையில் கொடுத்துச் சாப்பிட வைக்கிறார்கள். முடியவில்லையா, பின்னால் வரும் ஸ்வீப் வேனில் ஏறிக்கொள்ளலாம், ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் இரண்டாம் நாள் நாலு மைல் வேனில்தான் வந்தேன். நமக்கு முகாமில் குளிர்தான் பிரச்சினை, சான் டியேகோதானே என்று நினைக்காதீர்கள், விடியும்போது கூடாரம் பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தொப்பியும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் கட்டாயம். பருப்புப் பொடி ஒரு டப்பா கொண்டுபோங்கள், சைவம் சாப்பிடுபவர்கள் மூன்று நாளும் எங்களைத் தேடி வந்தார்கள்.

பயிற்சியை மட்டும் ஏமாற்றாதீர்கள். 24 வார அட்டவணை கொடுக்கிறார்கள். நான் அதில் பத்து வாரம் விட்டுவிட்டேன், அந்த நாலு மைல் வேன் அதன் பலன்.

டி-ஷர்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'பெரியம்மாவுக்காக' என்று தமிழில் அச்சடிக்க ஆன்லைனில் ஒரு கடையில் கொடுத்தோம். வந்ததைப் பார்த்தால் கொம்பு தனியாக, பகரம் தனியாக, புள்ளி எங்கேயோ நிற்கிறது. நாங்கள் அனுப்பிய கோப்பு சரியாகத்தான் இருந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். தமிழில் அச்சடிக்கக் கொடுத்தால் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்புங்கள், மாதிரி ஒன்றைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நாங்கள் அதைத் துணிப் பெயின்டால் மூடி, மேலே கையால் எழுதிப் போட்டுக்கொண்டு நடந்தோம்.

மூன்றாம் நாள், ஊர்க்காரர்கள் நின்று கைதட்டும் இடம் ஒன்றில் அந்தக் கொலு வீட்டு அம்மா நின்றிருந்தார். மகனும் மருமகளும் பக்கத்தில். பெரிய பிளாஸ்கில் மோர், கறிவேப்பிலை போட்டது. மருமகள்தான் எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் அவளிடம் என்ன சொல்லி அழைத்துவந்தார், எதையாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நிறைவு நிகழ்ச்சியில் நோயிலிருந்து மீண்டவர்கள் வரிசையாக உள்ளே வரும்போது, நடந்தவர்கள் எல்லோரும் ஒரு கால் ஷூவைக் கழற்றி மேலே தூக்கிப் பிடிப்பது வழக்கம். நான் தூக்கியபோது கை நடுங்கியது. அந்த அம்மா வரிசையில் இல்லை, கூட்டத்தில்தான் நின்றார், ஆனால் நான் ஷூவை அவர் பக்கம் திருப்பித்தான் பிடித்தேன்.

அடுத்த முறை ஆறு பேர் போகிறோம், 13,800 டாலர் வேண்டும். சீக்கிரம் பதிந்தால் கட்டணம் குறையும் என்பதால் பெயர் கொடுத்தாயிற்று. கொலுவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறோம். டி-ஷர்ட்டை இந்த முறை கடையில் கொடுக்கவில்லை, எழுத்தை நாங்களே எழுதுகிறோம்.