46 துண்டுகளில் எனக்கு உதவியவை நான்கு: வீட்டுக்கு எந்த சாக்கெட் செட்?

கடையில் போய் "பாக்ஸ் ஸ்பேனர் செட்" என்று கேட்டால் இரண்டில் ஒன்று மேசைக்கு வரும். சில கடைக்காரர்கள் இரு முனையும் குழாயாக இருக்கும், நடுவே கம்பி செருகித் திருப்புகிற பழைய ஸ்பேனரை எடுத்து வைப்பார்கள். "ராட்செட் போட்டுத் திருப்புவது" என்று விளக்கினால்தான் சாக்கெட் செட் வரும். போல்ட் தலையைக் கவ்வும் சிறு கிண்ணம்தான் சாக்கெட்; ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பி, மறு திசையில் சும்மா ஓடும் கைப்பிடிதான் ராட்செட். அதிலும் கால் இஞ்ச், மூன்று நூல், அரை இஞ்ச் என்று மூன்று வகை உண்டு. இது சாக்கெட்டின் வாய் அளவு அல்ல. பின்பக்கத்தில் கைப்பிடி செருகும் சதுரத்தின் அளவு. மில்லிமீட்டரில் சொன்னால் முறையே 6.35, 9.5, 12.7. எந்தச் சதுரம் என்று முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பெரும்பாலோர் சதுரத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன்.

வீட்டில் இருப்பவை ஒரு ஸ்ப்ளெண்டர், ஒரு பழைய வேகன் ஆர். ஆயில், பிளக், பேட்டரி, பிரேக் ஷூ, டயர் மாற்றுவது வரை நானே பார்த்துக்கொள்வேன். இன்ஜினைப் பிரிக்கும் ஆசை எனக்கு இல்லை. இரண்டும் ஜப்பானிய வழிவந்த வண்டிகள் என்பதால் போல்ட் தலைகள் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. அளவுகளில்தான் இருக்கும். 8 மி.மீ. தண்டுள்ள போல்ட்டுக்கு ஜப்பானியர் 12 மி.மீ. தலை வைப்பார்கள், ஐரோப்பியர் 13 வைப்பார்கள். 10 மி.மீ. தண்டுக்கு ஜப்பானியர் 14, ஐரோப்பியர் 16. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர் 13, 16, 18 என்று தேடுவார்; என் பெட்டியில் 13உம் 18உம் புத்தம் புதிதாகவே கிடக்கின்றன.

முதலில் வாங்கியது இணையக் கடைகளில் எங்கும் தென்படும் 46 துண்டு கால் இஞ்ச் பெட்டி. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு. பிரித்து எண்ணினால் சாக்கெட்டுகள் 13தான். மீதியில் பெரும்பகுதி ஸ்குரூ டிரைவர் பிட்டுகளும் ஆலன் சாவிகளும். அந்த 13 சாக்கெட்டுகளிலும் 4 முதல் 7 மி.மீ. வரை ஆறு. எஞ்சிய ஏழில் என் வண்டிகளுக்குப் பயன்படுபவை 8, 10, 12, 14. ஸ்ப்ளெண்டர் பிளக்குக்கு வேண்டிய 16 இல்லை, அதன் ஆயில் போல்ட்டுக்கு வேண்டிய 17 இல்லை, கார் சக்கர நட்டுக்கு வேண்டிய 19 இல்லை. 46க்கு விலை கொடுத்து நான்கை வாங்கி வந்திருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழற்றி மாற்றும் சாக்கெட்டைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜோசப் ஜான்சன். 1920இல் தொடங்கிய அவருடைய ஸ்நாப்-ஆன் நிறுவனத்தின் விளம்பரமே, ஐந்து கருவிகள் ஐம்பதின் வேலையைச் செய்யும் என்பதுதான். ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட். எதை எதனோடும் சேர்க்கலாம். துண்டுகள் குறைவு என்று சொல்லி விற்கத் தொடங்கிய பொருளை இன்று துண்டுகள் அதிகம் என்று சொல்லி விற்கிறார்கள்.

கால் இஞ்ச் செட்டின் உண்மையான குறை அளவு விடுபடுவது அல்ல, வலு. சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 3315 என்ற சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. ராட்செட் தாங்க வேண்டிய சோதனை முறுக்கு கால் இஞ்சுக்கு 62 நியூட்டன் மீட்டர், மூன்று நூலுக்கு 202, அரை இஞ்சுக்கு 512. சிறிய கார்களின் சக்கர நட்டை முடுக்கவே 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்லியிருப்பார்கள். துருப்பிடித்த பின் கழற்ற இன்னும் கூடுதலாக வேண்டும். கால் இஞ்ச் ராட்செட்டை அதில் மாட்டினால் உள்ளே இருக்கும் பற்கள் போய்விடும். தரத்துக்கு உட்படாத மலிவுப் பெட்டி என்றால் 62கூட நிச்சயமில்லை.

அதனால் அடுத்து நேர் எதிர்த் திசைக்குப் போனேன். மெக்கானிக் பட்டறைகளில் தகரப் பெட்டியில் இருக்கும் அரை இஞ்ச் செட். 10 முதல் 32 மி.மீ. வரை சாக்கெட்டுகள், ராட்செட், நகரும் டி கைப்பிடி, இரண்டு எக்ஸ்டென்ஷன், ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட். தபாரியா போன்ற இந்தியக் கம்பெனிகளின் சாக்கெட்டுகள் தனித்தனியாகவும் கிடைப்பது பெரிய வசதி. ஒன்று தொலைந்தால் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பெயரற்ற பெட்டியில் ஒன்று தொலைந்தால் அந்தக் குழி காலியாகவே இருக்கும்.

கார் சக்கரத்துக்கு இதைவிட நிம்மதியான கருவி கிடையாது. சிக்கல் பைக்கில் வந்தது. ஸ்ப்ளெண்டரின் ஆயில் போல்ட் ஏறுவது அலுமினிய உடலில். அதற்குப் போதுமான முறுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். அரை இஞ்ச் ராட்செட்டின் கைப்பிடி கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நீளம். இருபது கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு ஓர் இழுப்பு இழுத்தால் 50 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அந்த இழுப்பு கைக்கு ஒரு பொருட்டே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்று நான் இழுத்த அந்தக் கொஞ்சத்தில் போல்ட் திடீரென்று லேசாகச் சுற்றியது. மரை போய்விட்டது. லேத் பட்டறையில் பெரிய மரை வெட்டிப் புது போல்ட் போட்டுக் கொடுத்தார்கள். அதே இழுப்பைக் கால் இஞ்ச் ராட்செட்டின் 15 சென்டிமீட்டர் கைப்பிடியில் இழுத்திருந்தால் 30தான் வந்திருக்கும். சிறிய கருவி வலுவில்லாதது என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, அந்தக் குட்டைக் கைப்பிடி போல்ட்டுக்குக் காவலாகவும் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.

அந்தச் செட்டில் இன்னொரு தவறும் செய்தேன். சாக்கெட்டின் உட்புறம் ஆறு மூலையா, பன்னிரண்டு மூலையா என்று பார்க்காமல் வாங்கினேன். பெட்டியில் "பை-ஹெக்ஸ்" என்றிருந்தால் பன்னிரண்டு மூலை. 30 டிகிரிக்கு ஒருமுறை போல்ட்டில் பொருந்திக்கொள்ளும், மாட்டுவது எளிது. ஆனால் போல்ட்டின் பக்கங்களைவிட மூலைகளுக்கு அருகேதான் அதிகம் அழுத்தும். புது போல்ட்டில் வித்தியாசம் தெரியாது. சைலன்சரை சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருக்கும் 10 மி.மீ. நட்டு, வருடக்கணக்கில் சூடும் மழையும் பட்டுத் துரு ஏறியது, அதில் தெரியும். என் நட்டு அழகாக உருண்டு போனது. மெக்கானிக் உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தார். ராட்செட் இருக்கும்போது 30 டிகிரி வசதிக்குத் தேவையே இல்லை. வீட்டு வேலைக்கு ஆறு மூலையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கால் இஞ்சும் அரை இஞ்சும் ஒரே பெட்டியில் வரும் 108 துண்டு செட்டை நண்பரிடம் இரவல் வாங்கிச் சில மாதங்கள் பயன்படுத்தினேன். இரண்டின் குறைகளும் தீர்ந்துவிடும் என்றுதான் தோன்றும். ஓரளவு தீரவும் செய்கிறது. ஆனால் நடுவே பெரிய பள்ளம். 12, 14, 17 மி.மீ. போல்ட்டுகள்தான் வண்டியில் அதிகம். அவற்றுக்கு ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. அரை இஞ்ச் ராட்செட்டின் தலை வேகன் ஆரின் பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நுழையாமல் இடித்துக்கொண்டு நிற்கும். பெட்டியின் கனத்தைச் சொல்லவே வேண்டாம். மாடியிலிருந்து ஒருமுறை இறக்கிவிட்டால் அன்றைய உடற்பயிற்சி முடிந்தது. பணமும் இடமும் இருந்து, ஒரே முறையில் எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும் என்பவருக்கு இது தவறான தேர்வு அல்ல.

கடைசியாக வந்து சேர்ந்தது மூன்று நூல். எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டால் "அரை இஞ்ச் எடுத்துக்கொள்ளுங்கள் சார், அதுதான் ஓடுகிறது" என்றார்கள். சென்னை பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் கேட்டு வாங்கினேன்; இணையத்திலும் கிடைக்கிறது. 8 முதல் 19 மி.மீ. வரை ஆறு மூலை சாக்கெட் பத்து, 75 மற்றும் 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன், 72 பல் ராட்செட். அவ்வளவுதான், பதின்மூன்று துண்டு. கைப்பிடி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பைக்கின் ஆயில் போல்ட்டில் கை கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும். காரின் அடிப்பகுதி போல்ட்டுகளுக்கும் தாங்குகிறது. 72 பல் என்றால் ஐந்து டிகிரி அசைத்தாலே அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். 24 பல் ராட்செட்டுக்கு 15 டிகிரி இடம் வேண்டும். பானெட்டுக்குள் சில மூலைகளில் அந்த 15 கிடைக்காது. என் வேலையில் பத்தில் எட்டு இப்போது இந்தச் செட்டிலேயே முடிகிறது.

முடியாத இரண்டுக்காக அரை இஞ்சில் தனியாக இரண்டு பொருள் வாங்கினேன்: 45 சென்டிமீட்டர் நீளமுள்ள, ராட்செட் இல்லாத வெறும் நெம்பு கைப்பிடி ஒன்று, 19 மி.மீ. நீள சாக்கெட் ஒன்று. இறுகிப்போன நட்டை அசைப்பது எப்போதும் இந்தக் கைப்பிடியின் வேலை, ராட்செட்டின் வேலை அல்ல. மூன்று நூலில் 10 மி.மீ. நீள சாக்கெட்டும் சேர்த்துக்கொண்டேன். பேட்டரியைப் பிடித்திருக்கும் நீளக் கம்பியில் நட்டுக்கு மேல் மரை நீட்டிக்கொண்டிருப்பதால் சாதாரண சாக்கெட் நட்டை எட்டாது.

பைக் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது வேறு. தெருமுனை மெக்கானிக்கின் கையில் பாருங்கள்: 8, 10, 12, 14 என்று நான்கு டி ஸ்பேனர் (டி வடிவக் கைப்பிடியோடு சாக்கெட் ஒன்றாகவே சேர்ந்திருப்பது), ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு ரிங் ஸ்பேனர் கட்டு. ராட்செட்டைத் தொடக்கூட மாட்டார். டி ஸ்பேனரில் தொலைவதற்குத் துண்டும் இல்லை, உடைவதற்குப் பல்லும் இல்லை. இரண்டு விரலால் சுண்டிவிட்டால் நட்டு ஓடி வந்துவிடும். இண்டு இடுக்குக்குள் நுழையாது என்பது ஒன்றுதான் குறை. பைக்கில் அப்படி இடுக்கு அதிகம் இல்லை. இந்த நான்குக்கும் ஆகும் செலவு 46 துண்டுப் பெட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பட்டியல் எதையும் நம்பி இறங்க வேண்டாம். அதில் ஆங்கிலேயர் கால விட்வொர்த் அளவுகள் இருக்கும். மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்துவதுபோல் பாசாங்கு செய்து தலையை உருட்டிவிடும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே செய்ய வேண்டியது ஒன்று. ராட்செட்டில் ஒரு சாக்கெட்டை மாட்டி, சதுரம் எவ்வளவு ஆடுகிறது என்று பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பிறகு 10 மி.மீ. சாக்கெட்டைப் புது நட்டு ஒன்றில் வைத்துப் பாருங்கள். கடலை டப்பா மூடிபோல் கலகலவென்று ஆடினால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம். குரோம் வனேடியம் (வலுவான ஒரு வகை எஃகு) என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும். எழுத்தைவிட இந்த ஆட்டம் அதிகம் சொல்லும். கறுப்பு நிறத்தில் வரும் இம்பாக்ட் சாக்கெட்டுகள், டயர் கடைகளில் காற்றழுத்தத்தால் நட்டைத் திருப்பும் இயந்திரத்தில் மாட்டுவதற்கானவை, சுவர் தடிமன். கையால் திருப்புகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

அந்த 46 துண்டுப் பெட்டி வீணாகவில்லை. அது இப்போது அம்மாவின் தையல் இயந்திரத்துக்குக் கீழே இருக்கிறது. மிக்சி, மின்விசிறி, பேரனின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதில் அளவு இருக்கிறது. 5.5 மி.மீ. சாக்கெட் எதற்கு என்று எனக்குத் தெரிந்ததே அங்கேதான்.