ஜிட்சி மீட்: மூன்றாவது ஆள் நுழைந்ததும் போய்விடும் படம்

சொந்த சர்வரில் ஜிட்சி மீட் என்னும் வீடியோ அழைப்பு மென்பொருளை வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். நிறுவும் முறை எங்கும் கிடைக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். நீண்ட நாள் ஓட்டுபவரை வாட்டும் தொல்லை ஒன்றுதான். இரண்டு பேர் பேசும்போது தெளிவாக இருக்கும் அழைப்பில் மூன்றாவது ஆள் நுழைந்ததும் படமும் குரலும் போய்விடும். சாட் மட்டும் ஓடும்.

இரண்டே பேர் என்றால் ஜிட்சி இரு பிரவுசர்களையும் நேரடியாக இணைக்கப் பார்க்கும். இதுதான் பி2பி. மூன்றாவது ஆள் வந்ததும் மீடியா (படமும் குரலும்) முழுவதும் சர்வரில் ஓடும் வீடியோபிரிட்ஜ் என்னும் பகுதி வழியாக, யூடிபி (தரவை அனுப்பும் ஒரு முறை) 10000 போர்ட்டுக்கு (சர்வரின் எண்ணிட்ட வாசல்) மாறும். அந்த வழி முதல் நாளிலிருந்தே அடைபட்டிருக்கும். இருவரை வைத்துச் சோதித்தவருக்கு அது தெரிந்திருக்காது. சாட், இணையப் பக்கங்கள் போகும் 443 போர்ட்டில் போவதால் தப்பிக்கிறது. ஆகவே மூன்று கருவிகளோடு சோதியுங்கள். அதில் ஒன்று வைஃபை அணைத்து மொபைல் டேட்டாவில் இருக்கும் போனாக இருக்கட்டும்.

ரவுட்டரில் 10000-ஐ டிசிபி (யூடிபி அல்லாத இன்னொரு முறை) என்று திறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். போர்ட் சோதிக்கும் இணையதளங்கள் பெரும்பாலும் டிசிபியைத்தான் தட்டிப் பார்க்கும், டெல்நெட் கட்டளையும் அப்படியே. யூடிபிக்கு அந்தப் பதில் செல்லாது. சர்வரில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை யூடிபி 10000-க்கு ஓட்டிவிட்டு போனிலிருந்து அறைக்குள் நுழையுங்கள். ஒரு பாக்கெட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சர்வருக்கு முன்னால் உள்ள ரவுட்டரோ ஃபயர்வாலோ தடுக்கிறது, அல்லது பிரிட்ஜ் தவறான முகவரியைச் சொல்லியிருக்கிறது.

எது என்று பிரித்தறிய, குரோமின் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தில் பிரிட்ஜ் அனுப்பிய ஐஸ் கேண்டிடேட்களை, அதாவது இங்கே என்னை அடையலாம் என்று அது சொல்லும் முகவரிகளைப் பாருங்கள். 192.168, 10 அல்லது 172.17 என்று தொடங்கும் உள் முகவரிகள் மட்டுமே இருந்தால், என்ஏடிக்கு (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ரவுட்டர் வேலை) பின்னால் இருக்கும் பிரிட்ஜ் தன் வெளி முகவரியைச் சொல்லவில்லை. மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கரில் இது அடிக்கடி நடக்கும். பிரிட்ஜ் வெளியே சொல்ல வேண்டிய முகவரிகளைக் குறிக்கும் விளம்பர முகவரி அமைப்பில் உள் முகவரி, வெளி முகவரி இரண்டையும் கமா போட்டுக் கொடுங்கள். வெளி முகவரியை மட்டும் கொடுத்தால், ஹேர்பின் என்ஏடி (உள்ளிருந்தே வெளி முகவரியை அழைக்கும் வசதி) இல்லாத ரவுட்டரில் அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ரவுட்டரின் வேன் முகவரி (இணையப் பக்கம் உள்ள முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் அது கேரியர் என்ஏடி, அதாவது சேவை நிறுவனமே பலருக்கு ஒரு வெளி முகவரியைப் பகிர்கிறது. ரவுட்டரில் போர்ட்டைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை போட்டாலும் பயனில்லை. சேவை நிறுவனத்திடம் பப்ளிக் ஐபி வாங்கியே ஆக வேண்டும்.

அழைப்பு இணைய உதவும் ஸ்டன், டர்ன் என்ற இரு வகை சர்வர்களைக் குழப்பிக்கொள்வது அடுத்த வினை. உன் வெளி முகவரி இது என்று சொல்வதோடு ஸ்டன் வேலை முடிந்தது. அது மீடியாவைச் சுமக்காது. யூடிபியை முழுக்க அடைத்த கல்லூரி, வங்கி நெட்வொர்க்குகளில் இருப்பவருக்காகப் பத்து ஸ்டன் சர்வர் சேர்த்தாலும் படம் வராது. அங்கே மீடியாவையே சுமந்து கடத்தும் டர்ன்தான் வேண்டும். கோடர்ன் என்னும் டர்ன் சர்வர் மென்பொருள், டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) வழக்கமாக 5349 போர்ட்டில் கேட்கும். 443 தவிர எதையும் வெளியே விடாத இடங்களில் அதுவும் போகாது. டர்னை 443-ல் வைப்பதே வழி, அதற்குத் தனி ஐபி வாங்குவது எளிது.

பாராட்ட வேண்டியதும் உண்டு. பிரிட்ஜ் ஒரு எஸ்எஃப்யூ, அதாவது வரும் படத்தை மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. வீடியோவைப் பிரித்துக் கலக்காமல் அப்படியே அனுப்புவதால் சிபியூ சுமை குறைவு. பாரம் எல்லாம் அப்லோடில்தான். பத்துப் பேர் தலா 0.5 எம்பிபிஎஸ் அனுப்பினால் சர்வருக்குள் வருவது 5. வெளியே போவது பத்துப் பேருக்குத் தலா ஒன்பது படம், ஆக 45 எம்பிபிஎஸ். அதைத் தாங்கும் லைன் இருந்தால் குரலும் படமும் அருமை.

இருந்தும், நெட்வொர்க் தெரிந்த ஆள் இல்லாத அலுவலகத்துக்கு இதை வைக்கச் சொல்ல மாட்டேன். எந்த போர்ட், எந்த முகவரி என்று திரையில் ஒரு வரி சொன்னால் ஐந்து நிமிடத்தில் தீரும் கோளாறு இது. அந்த வரி வரும்வரை என் பதில் வேண்டாம் என்பதுதான்.