ஆறு வருஷமா வீட்ல கிரேக்கம்: எது ஒட்டுச்சு, எது ஒட்டல

எங்க வீட்டுக்காரர் மெல்போர்ன்லயே பொறந்து வளர்ந்த கிரேக்கர், நான் திருச்சி, பொண்ணுக்கு இப்போ 11 வயசு. தமிழ் என் பொறுப்பு, கிரேக்கம் உங்க பொறுப்புன்னு அவ பொறந்தப்பவே பங்கு பிரிச்சாச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, அவரோட கிரேக்கம் சாப்பாட்டு மேசையைத் தாண்டாதுன்னு. மாமியார் கிரேக்கத்துல கேட்பாங்க, இவர் இங்கிலீஷ்ல பதில் சொல்வாரு, நாப்பது வருஷமா அப்படியே ஓடிட்டு இருக்கு, ரெண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாவே தெரியல. அதனால பொண்ணு அஞ்சு வயசுல ஆரம்பிச்சப்போ நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். எங்கள மாதிரி கலப்பு வீட்டுக்காரங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல ஆப். பேர் வேண்டாம். 400 நாள் விடாம ஸ்ட்ரீக் வெச்சிருந்தோம். எழுத்து பழக நல்லாதான் இருந்துச்சு, ஆனா அது அட்சரம் தெரியாதவங்களுக்காக செஞ்சது. வீட்ல காதுல விழுந்து வளர்ற குழந்தை அந்த ரகம் இல்லையே. "எலா"ன்னா வா, "ஃபாயே"ன்னா சாப்பிடு, திட்டு, கொஞ்சல் எல்லாம் ரெண்டு வயசுலயே அத்துப்படி, ஆனா 'தேர்தல்'னோ 'வாடகை'ன்னோ ஒரு வார்த்தை காதுலயே விழுந்திருக்காது. முதல் இருபது பாடம் கொட்டாவி விட்டா, இருபத்தொண்ணுல தொபுக்கடீர்.

இன்னொரு தொல்லை, எல்லாமே இங்கிலீஷ் வழியா வருது. எனக்கு காபி பிடிக்கும்னு சொல்ல கிரேக்கத்துல "மு அரேஸி ஓ கஃபேஸ்". அந்த 'மு' அப்படியே நம்ம 'எனக்கு'. இங்கிலீஷ்ல 'நான்'னு ஆரம்பிச்சு அப்புறம் திருப்பிப் போட்டு அவ தலை சுத்திப் போனா, 'எனக்குப் பிடிக்கும்டி, அவ்ளோதான்'னு சொன்னதும் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. இது தெரிஞ்சப்புறம் எனக்கு ஒரே குஷி, தேடித் தேடிப் பிடிச்சேன். யோர்கோஸ்னு ஒருத்தர கூப்பிடும்போது "யோர்கோ!"ன்னு ஆகிடும், நம்ம கண்ணன் கண்ணா ஆகற மாதிரி, பத்தாவதுல படிச்ச விளி வேற்றுமை இங்க வந்து வேலைக்கு ஆச்சு. "எஸி"ன்னா நீ, "எஸிஸ்"னா நீங்க. குழந்தைக்கு "பெதி"ன்னு பேர், அது ஆணும் இல்ல பொண்ணும் இல்ல, நாம குழந்தை அழுவுதுன்னு அஃறிணைல சொல்றோமே அதே கதை. 'அது'ன்னு சொல்லும்போது வர்ற மெல்லிசான 'த' இருக்கே, கிட்டத்தட்ட அதுதான் அவங்களோட தெல்தா எழுத்துக்கு சத்தம். பாட்டிக்கு அவங்க "யாயா"ன்றாங்க, சங்கத்தமிழ்ல யாய்னா அம்மா, சம்பந்தம் எல்லாம் ஒண்ணும் கிடையாது, எனக்கு சும்மா பிடிச்சிருக்கு.

பெரியவங்க படிக்கணும்னா நான் கண்ணை மூடிட்டு சொல்றது லாங்குவேஜ் ட்ரான்ஸ்ஃபர். மிஹாலிஸ் எலெஃப்தெரியூன்னு ஒருத்தர் எடுக்கற ஆடியோ பாடம், 120 இருக்கு, மொத்தமும் இலவசம். மனப்பாடமே கிடையாது, பக்கத்துல ஒரு ஸ்டூடன்ட்ட வெச்சு யோசிக்க வெச்சே வாக்கியத்த கட்ட வைப்பாரு. கார்ல போட்டு விடுவேன். வீட்டுக்காரர் வேண்டா வெறுப்பா கேட்டவர், முப்பதாவது பாடம் வாக்குல "ஓ, நான் சின்னதுலேர்ந்து இத இதனாலதான் இப்படி சொல்றேனா"ன்னு சிக்னல்ல நின்னுட்டு அசடு வழிஞ்சாரு.

சனிக்கிழமை ஸ்கூல் கலவையான அனுபவம். மெல்போர்ன் கிரேக்க சமூக அமைப்பு 1897லயே ஆரம்பிச்சது, ஊர் பூரா வகுப்பு இருக்கு, நாங்க சேர்த்தது வேற ஒரு சின்ன இடம். வாரம் மூணு மணி நேரம். கிரீஸோட தேசிய நாளுங்க ரெண்டு, அக்டோபர் 28க்கு ஒரு கவிதை, மார்ச் 25க்கு ஒரு கவிதை, டிரஸ் போட்டு மேடையேறி கடகடன்னு ஒப்பிச்சா, ஹால்ல இருந்த பாட்டிங்க எல்லாம் அழுதாங்க, இறங்கி வந்து "அம்மா, அதுக்கு என்ன அர்த்தம்"னு என்கிட்ட கேக்கறா. ஆனா ஒண்ணு, சிநேகிதம் அங்கதான் கிடைச்சது. கிரேக்கம் படிக்கறது தனக்கு மட்டும் வந்த தண்டனை இல்லன்னு அவளுக்குத் தெரியணும்ல, அதுக்காகவே பீஸ் கட்டலாம்.

இப்போ யாயா. அவங்கதான் எங்க மெயின் பாடமே. கிரீஸ்ல கலமாட்டா பக்கத்து கிராமம், 1966ல பத்ரிஸ் கப்பல்ல வந்தவங்க, ஆறாவது வரைக்கும் படிப்பு. அவங்க சமையல் நோட்டுல எழுத்து மேல எல்லாம் பொடிப்பொடியா கொம்பும் கொக்கியும் இருக்கும், பொண்ணு அத அழுக்குன்னு நினைச்சு நகத்தால சுரண்டிப் பார்த்தா. பழைய முறைல மூணு வித அழுத்தக்குறி, அதுக்கு மேல மூச்சுக்குறி வேற, 1982லதான் அதெல்லாம் ஒழிச்சு ஒத்தைக் குறியா ஆக்கினாங்க. யாயா அதுக்கு முன்னாடியே கப்பல் ஏறிட்டாங்க, மொழியும் அவங்களோட அங்கேயே நின்னுடுச்சு.

இது 2023ல கலமாட்டா போனப்போ நல்லா தெரிஞ்சது. பொண்ணு சித்தப்பா வீட்ல போய் ஏர்போர்ட்லேர்ந்து "காரோ"ல வந்தோம்னு சொல்லிட்டா. இங்க மெல்போர்ன் கிரேக்கருங்க காருக்கு அப்படித்தான் சொல்வாங்க, இங்கிலீஷ் காருக்கு கிரேக்க வால் ஒட்டினது, அங்க காரோன்னா கட்டை வண்டி. "ஏதென்ஸ்லேர்ந்து கட்டை வண்டியா, எத்தனை நாள் ஆச்சு"ன்னு மொத்த வீடும் விழுந்து விழுந்து சிரிச்சது, அவ பாத்ரூம்ல போய் கதவ சாத்திக்கிட்டா. ரெண்டு நாள் கிரேக்கத்துல வாயே திறக்கல. இப்படி சிரிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, தயவு செஞ்சு குழந்தைங்க கிட்ட பண்ணாதீங்க. ஆஸ்திரேலியா சென்சஸ்ல வீட்ல கிரேக்கம் பேசறோம்னு சொன்னவங்க 2016ல சுமார் 2,37,000, 2021ல சுமார் 2,29,000. வயசானவங்க போகப் போக குறையும்னு எல்லாருக்கும் தெரியும், இதுல மிச்சம் மீதி பேசற பிள்ளைங்களையும் வாய மூட வெச்சா எப்படி.

போன வருஷத்துலேர்ந்து யாயாவுக்கு காது சரியா கேக்கல. போன்ல பேச முடியல, கத்தினா கோவம் வருது. அதனால பொண்ணு எழுத ஆரம்பிச்சா, பெரிய பெரிய எழுத்துல துண்டுச்சீட்டு, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டு வருவா, யாயா பதில் ஒட்டி வைப்பாங்க. ஆறு வருஷத்துல ஆப்பும் ஸ்கூலும் பண்ணாதத இந்த ஃப்ரிட்ஜ் பண்ணிடுச்சு, ஏன்னா வேற வழியே இல்ல, மாத்திரை போட்டாச்சான்னு கேக்கணும்னா எழுதியே ஆகணும். சிக்கல் என்னன்னா கிரேக்கத்துல 'இ' சத்தத்த அஞ்சாறு விதமா எழுதலாம், எந்த வார்த்தைக்கு எதுன்னு மனசுல தங்கினாதான் உண்டு.

போன வாரம் இங்க மெல்போர்ன் ஓக்லி கடைக்கு யாயா எழுதின லிஸ்ட்ல "திரி"ன்னு இருந்துச்சு, சீஸ். சரியா எழுதினா முதல் இ இப்சிலன், கடைசி இ யோட்டா. யாயா ரெண்டுக்கும் ஈட்டா போட்டிருந்தாங்க. நம்மாளு டீச்சர் கணக்கா சிவப்புப் பேனால அடிச்சுத் திருத்தி மறுபடி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. யாயா கண்ணாடிய போட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு அடியில ஒரு வரி எழுதினாங்க, அவ எழுத்துக் கூட்டி எனக்கு வாசிச்சுக் காட்டினா: "கடைக்காரன் இத்தன வருஷமா சரியாத்தானே குடுக்கறான்."