கொலராடோ 2023, இந்தியானா 2024: எந்த சீசனைப் பார்ப்பது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) புதுக் கோச்சின் முதல் சீசன் ஒன்றைப் பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டுக்குள்தான் தடுமாறுகிறார்கள்.

முந்தைய ஆண்டு (வெற்றி-தோல்வி): கொலராடோ 1-11, இந்தியானா 3-9. இரண்டுமே படுமோசம்.

புதுக் கோச் வந்தபின்: டியான் சாண்டர்ஸின் கொலராடோ 4-8, கர்ட் சிக்னெட்டியின் இந்தியானா 11-2.

ஆட்கள்: இருவருமே தாங்கள் முன்பு இருந்த கல்லூரியிலிருந்து வீரர்களைக் கையோடு கூட்டி வந்தார்கள். சாண்டர்ஸ் கூட்டி வந்ததில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆடும் சொந்த மகனும் உண்டு.

விறுவிறுப்பு: சந்தேகமே இல்லாமல் கொலராடோ. முதல் ஆட்டத்திலேயே, முந்தைய சீசனில் இறுதிப்போட்டி வரை போன டிசியூவை (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணி) 45-42 என்று வீழ்த்தியது. அப்புறம் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 29-0 முன்னிலை. கடைசியில் 46-43 தோல்வி. இப்படியும் ஒரு அணி தோற்குமா! இந்தியானாவோ முதல் பத்து ஆட்டங்களையும் வென்றது. மிச்சிகனுடனான 20-15 தவிர நெருக்கமே இல்லை.

பரபரப்புதான் வேண்டும் என்றால் கொலராடோ. சரிந்த அணியை ஒரே சீசனில் நிமிர்த்துவதைப் பார்க்க வேண்டும் என்றால் இந்தியானா. என் ஓட்டு அதற்கே.