கோத்தகிரியில் இருந்து ஜர்னல் படிக்கலாம், ஃபாரம் கிடைத்தால்

நான் பகுதிநேர ஆய்வு மாணவி. சோலைக்காட்டு மரங்கள்தான் தலைப்பு. வீடு கோத்தகிரியில், ஆய்வு மையம் ஊட்டிப் பக்கம், பதிந்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகம் கீழே சமவெளியில். பெயரெல்லாம் வேண்டாம். மூன்று வருடமாக அவர்களுடைய கணினி வசதிகளோடு மல்லுக்கட்டுகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மையத்தின் வைஃபை நூலக வாசலில் இருந்து மூன்றாவது ஜன்னல் வரை ஜோராக வரும். அதைத் தாண்டினால் சிக்னல் காட்டும், பக்கம் திறக்காது. இடி இடித்தால் யாராவது ஓடிப்போய் ரூட்டர் ஒயரைப் பிடுங்குவார்கள். போன ஐப்பசியில் பிடுங்க மறந்துவிட்டார்கள். ஒன்பது நாள் இணையம் இல்லை. கணினி அறை யுபிஎஸ்ஸைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

ஆனால் ஜர்னல், அதாவது ஆய்வுக் கட்டுரை இதழ்கள், விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். 2025 ஜனவரியில், அரசுக் கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே மொத்தமாக ஜர்னல் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள். முதல் நாள் ஆசை தீர நாற்பது கட்டுரை இறக்கினேன், பாதியை இன்னும் படிக்கவில்லை என்பது வேறு கதை.

சிக்கல் என்னவென்றால், வளாக இணையத்தில் இருந்தால்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழையில் சாலையில் மண் சரிந்தால் நான் கோத்தகிரியிலேயே கிடப்பேன். வீட்டிலிருந்து நுழைய, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'இன்ஃபெட்' என்றொரு உள்நுழைவு வழி இருப்பதை ஒன்றரை வருடம் எனக்கு யாருமே சொல்லவில்லை. கணினி அறைத் தம்பிதான் ஒருநாள் பேச்சுவாக்கில், "அக்கா, இதுக்காகவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர்றீங்க?" என்று கேட்டார். ஃபாரம் கொடுத்துப் பதினெட்டு நாளில் கணக்கு வந்தது. இப்போது அடுப்பங்கரையில் உட்கார்ந்து படிக்கிறேன்.

ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாட்டின் ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். பழையவற்றில் பல ஸ்கேன் செய்த பக்கங்கள், சொல் போட்டுத் தேட முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம், ஆய்வேட்டில் எழுத்துத் திருட்டு இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. எனக்கு 23 வந்தது, ராத்திரி தூக்கம் போனது. பார்த்தால், நூற்பட்டியலையும் சேர்த்தே ஓட்டியிருக்கிறார்கள்! அதை விலக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. விலக்கி ஓட்டியதும் 8. பொத்தானை அழுத்துகிறவருக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

5க்கு 3. தம்பிக்காக இன்னொரு அரை. இன்ஃபெட் ஃபாரத்தை நேராக நூலகர் மேசையில் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் கணினி அறைக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து எப்படியும் நூலகத்துக்குத்தான் வருவீர்கள்.