பழைய மார்க் 5 ரெகுலேட்டரும் திருவான்மியூர் போர்த் தண்ணீரும்: ஏழாண்டு அனுபவம்

கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தாய்மாமா, 2018-இல் வீடு மாற்றியபோது பரணிலிருந்து இறக்கிய ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே, கடலுக்கடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரின் இரு பகுதிகள் இருந்தன: சிலிண்டரில் பூட்டும், ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் மார்க் 5 முதல் நிலையும், வாயில் கவ்வும், 109 என்ற எண்ணால் அறியப்படும் உலோக உடல் கொண்ட இரண்டாம் நிலையும். மார்க் 5 என்பது 1970-இல் வெளிவந்த மாதிரி. சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அடைக்கப்பட்ட காற்றை முதல் நிலை ஏறத்தாழ 9 பாருக்குக் குறைக்கிறது. நாம் மூச்சை இழுக்கும் கணத்தில் மட்டும் இரண்டாம் நிலை அதைத் திறந்துவிடுகிறது. இதைக் கொண்டு கோவளத்திலும் புதுச்சேரியிலுமாக நூறு முறைக்கு மேல் கடலுக்குள் இறங்கிவிட்டேன்.

பிரித்துப் பார்த்தபோது உலோகம் நன்றாகவே இருந்தது. குரோம் முலாம் பூசிய பித்தளையில், முலாம் தேய்ந்த விளிம்புகளில் மட்டும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ரப்பர் பாகங்கள் ஒன்றும் தேறவில்லை. குழாய்கள் மடிந்த இடத்திலெல்லாம் வெடித்திருந்தன. குத்துவிளக்கைத் துலக்குவது போல் புளி போட்டுத் தேய்க்கலாமே என்று அம்மா சொன்னார். யோசனை தவறன்று, புளியின் அமிலம் களிம்பை எடுக்கும். ஆனால் அதன் சக்கை நூலளவுத் துளைகளில் தங்கிவிடும். ஆகவே ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை அகற்றிவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பத்து நிமிடம் மட்டும் ஊற வைத்தேன். அதற்கு மேல் விட்டால் முலாமுக்கே ஆபத்து.

ஓ-ரிங்குகளை, அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களைத் தேடிப் பாரிமுனைக்குப் போய் "ரெகுலேட்டருக்கு" என்று கேட்டபோது, கடைக்காரர் சமையல் எரிவாயு ரெகுலேட்டருக்கான வாஷரை எடுத்து நீட்டினார். அவர்மேல் குற்றமில்லை. அதன்பின் அளவு எண்ணைச் சொல்லிக் கேட்கப் பழகிக்கொண்டேன். பெரும்பாலானவை பொது அளவுகள் என்பதால் கிடைத்துவிட்டன. காற்றின் வழியை அடைக்கும் மென்மையான பாகங்களான சீட்டுகளை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. என்னிடமுள்ள மார்க் 5-இல், குறைந்த அழுத்தத் துளைகளைப் போலவே உயர் அழுத்தத் துளையின் மரையும் 3/8 அங்குலம்தான். இன்றைய அழுத்தமானிக் குழாய் 7/16 மரையில் வருவதால் இடையில் ஓர் அடாப்டர் தேவை. அதைவிட முக்கியமானது, குறைந்த அழுத்தக் குழாயைத் தவறுதலாக உயர் அழுத்தத் துளையில் முறுக்கிவிட இந்த உடலில் இடமுண்டு என்பது. அந்தத் துளைக்கு அருகே சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

பூட்டிய பின் காதை நம்பக் கூடாது, அளவியை நம்ப வேண்டும். மிதவைச் சட்டைக்குக் காற்று தரும் குழாயின் முனையில் பொருத்தும் ஒரு சிறிய அளவியில், இடை அழுத்தம், அதாவது முதல் நிலை குறைத்துத் தரும் அழுத்தம், 125-க்கும் 145 பி.எஸ்.ஐ-க்கும் (ஏறத்தாழ 8.6 முதல் 10 பார்) இடையில் நிற்க வேண்டும். இரண்டாம் நிலையின் முகப்பில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்தி விட்டால் ஊசி இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பி, அங்கேயே நிற்க வேண்டும். நின்ற பிறகும் மெல்ல மேலேறினால் சீட்டில் கசிவு என்று பொருள். இரண்டாம் நிலைக்கு ஒரு வாளியும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். வாய்ப்பகுதியை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மெதுவாக இறக்கும்போது, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தை எட்டும் வேளையில் காற்று சீறத் தொடங்கினால் அமைப்பு சரி.

இத்தனையும் செய்தும் இரண்டாம் ஆண்டில் ஏமாந்தேன். கோவளத்தில் நீரினடியே இருந்தபோது, உடன் வந்தவர் என் தலைக்குப் பின்னால் சுட்டிக்காட்டினார். முதல் நிலையின் பக்கத் துளைகளிலிருந்து ஊசிநூல் போல் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன. மேலே வந்து பிரித்தால், முதல் நிலைக்குள் அசைந்து காற்றைத் திறந்து மூடும் பிஸ்டனின் தண்டின்மேல் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் வெள்ளைப் படிவு. அதன்மேல் முன்னும் பின்னும் ஓடி ஓ-ரிங்கின் உள்விளிம்பு அறுந்திருந்தது. சுருள்வில்லும் தண்டும் இருக்கும் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து வெளியேறுவது மார்க் 5-இன் அமைப்பிலேயே உள்ளது. எனவே கடலுப்பைக் குற்றம் சாட்டினேன். இன்னும் அதிக நேரம் கழுவினேன். மூன்று மாதத்தில் படிவு முன்னிலும் தடித்தது.

எங்கள் குடியிருப்பின் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படியும். கோடையில் உப்பும் கரிக்கும். கடலுக்குப் போய்வந்த கருவியை ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரில்தான் ஒரு மணி நேரம் ஊற வைத்து, அப்படியே காய விட்டிருக்கிறேன்! இப்போது முதல் அலசலுக்கு மெட்ரோ தண்ணீர், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர். அதன்பின் ஒருமுறைகூட அந்தப் படிவைக் காணவில்லை.

கழுவுவதிலும் ஒரு பிழை செய்து கற்றுக்கொண்டேன். முதல் நிலையின் காற்று நுழைவாயை மூடும் தூசு மூடியைச் சரியாக இறுக்காமல் ஊற வைத்ததில் நீர் உள்ளே புகுந்து, வெண்கல வடிகட்டியில் பச்சைப் புள்ளிகள் தோன்றிவிட்டன; வடிகட்டியையே மாற்ற நேர்ந்தது. காற்றழுத்தம் இல்லாத வேளையில் தண்ணீருக்குள் பர்ஜ் பொத்தானை அழுத்தினாலும் நீர் குழாய் வழியே பின்னேறும். உலர்ந்த பின், 109-இல் மூச்சிழுக்கும் இறுக்கத்தைச் சரிசெய்யும் பக்கக் குமிழை முழுவதும் தளர்த்தி வைக்கிறேன்; இல்லையேல் சும்மா கிடக்கும் மழைக்கால மாதங்களில் சீட்டின்மேல் வளையத் தடம் பதிந்துவிடும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிகோன் கிரீஸ் மட்டும், அதுவும் பளபளப்புத் தெரியும் அளவுக்கே. சிலிகோனால் ஆன டயஃப்ரத்தில் அதைத் தடவுவதில்லை, தடவினால் அது ஊறிக் குழைந்துவிடும்.

மூச்சு எப்படி என்றால், புதிய கருவிகளைவிடக் குறைவென்று சொல்ல முடியாது. உலோக உடலில் வெளிமூச்சின் ஈரம் படிவதால், தொண்டை வறள்வதும் குறைவு. எடைதான் தாடையை இழுக்கிறது. இதை நான் மட்டுமே பயன்படுத்துகிறேன், யாருக்கும் இரவல் தருவதில்லை. பிரித்துப் பூட்டிய ஒவ்வொரு முறையும் முதலில் நீச்சல் குளத்தில் சோதிக்கிறேன், கடலில் மாற்று இரண்டாம் நிலையாகப் புதியது ஒன்று உடன் வரும். பழகியவர் ஒருவர் அருகிலிருந்து பார்க்காமல் முதல் முறை பூட்டுவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடந்த பிப்ரவரியில் எடுத்த அளவீட்டில் ஊசி 135-க்கு ஏறி, பத்து நிமிடம் அசையாமல் நின்றது. சீட்டின்மேல் பதியும் பிஸ்டனின் கூர்விளிம்பில் மட்டும் உருப்பெருக்கியில் மயிரிழை போல் ஒரு கீறல் தெரிகிறது. ஊசி அசையத் தொடங்கும் நாளில் மாற்றுவதற்காக, வேறொரு பழைய உடலிலிருந்து எடுத்த பிஸ்டனைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.