வீட்டு இன்சூரன்ஸ் இருந்தாலும் நகைக்குக் காப்பு இல்லை

வீட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸே பீரோவில் இருக்கும் நகைக்கும் போதும் என்று யாராவது சொன்னால், பாலிசியில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் கொடுத்த இடத்தில் எங்களுக்கு அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். "டிவி, ஃப்ரிட்ஜ், நகை எல்லாமே கவர் ஆகும் சார்" என்று அந்த ஊழியர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஊருக்குப் போயிருந்தபோது கொல்லைக் கதவை உடைத்து, பீரோவை நெம்பி, அம்மாவின் ஆரத்தையும் வளையல்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டோம். இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். பெயர்ந்து தொங்கிய கொண்டியைப் படம் எடுத்தார். அப்புறம் கேட்டார்: "பாலிசியில் நகைப் பட்டியல் எங்கே?" அப்படி ஒன்று வேண்டும் என்றே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கிளெய்மை நிராகரித்துக் கடிதம் வந்தது.

எங்களுடையது பாரத் கிரஹ ரக்‌ஷா. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பொதுவான பாலிசி அது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கத்துக்கு நல்ல பாலிசிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருட்டு என்றால், அப்படி ஒரு விபத்து நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் திருடு போனால் மட்டும்தான் பணம். சும்மா பூட்டை உடைத்துத் திருடினால் கிடையாது. வீட்டுச் சாமான்களுக்குத் தானாகக் கிடைக்கும் காப்பிலும் நகை சேராது.

நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு உருப்படியையும் எடை, மதிப்போடு பட்டியலில் ஏற்றி, கொள்ளைக்கும் காப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். கல்யாணத்துக்குப் போட்டுப் போகும்போது தொலைந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். லாக்கரில் வைத்தவர்களும் கவனியுங்கள்: வங்கியில் திருட்டோ தீயோ நடந்து அதற்கு வங்கி பொறுப்பேற்றாலும், வருட வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் தருவார்கள். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எந்த மூலைக்கு?

பொய் சொல்லி விற்றிருந்தால் விடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். நிராகரித்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வாட்ஸ்அப் செய்தியை இணைத்து எங்கள் மனுவைப் போட்டுவிட்டோம். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.